விரல்நுனிக்கான எழுத்து

பாரிஸுக்குக் கிழக்கே உள்ள கூவ்ரே என்ற சிற்றூரில் 1809 ஜனவரி 4-ஆம் தேதி பிறந்தவர் லூயி பிரெயில். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில், தந்தையின் பட்டறையில் விளையாடிய குழந்தையின் கண்ணில் குத்தூசி பாய்ந்தது. பாதிப்பு மறு கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதில் பார்வை முற்றிலும் பறிபோனது.

1819-இல் பாரிஸில் இருந்த பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அதன் நிறுவனர் வாலந்தின் ஆயீ, வழக்கமான அச்செழுத்துகளையே தாளில் புடைப்பாகப் பதித்து நூல்களை உருவாக்கியிருந்தார். நோக்கம் உயர்ந்தது, ஆனால், அவை கண்ணுக்காக அமைந்த வடிவங்கள். ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவித் தடவியே அறிய வேண்டியிருந்தது. மாணவர்கள் தாமே எழுதவோ அந்த முறையில் எளிய வழியில்லை.

சார்ல் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, ஒலிகளை 12 புள்ளிகளால் குறிக்கும் முறையைப் பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார். அந்தப் புள்ளிக் கட்டம் விரல்நுனிக்குள் அடங்கவில்லை. பிரெயில் அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-இல் அம்முறைக்கு உருக்கொடுத்தபோது அவருக்கு வயது 15. 1829-இல் அது நூலாக வெளிவந்தது. எழுத்தின் உருவத்தை நகலெடுப்பதை விடுத்து, அதன் பொருளை விரலுக்கு ஏற்ற வடிவில் தந்ததே அவரது சாதனை.

எனினும், அவர் ஆசிரியராகப் பணியாற்றிய அதே பள்ளியில் அம்முறைக்குச் சில காலம் தடை விதிக்கப்பட்டது. மாணவர்கள் மறைவாகப் பயன்படுத்தி அதைக் காத்தனர். காசநோயால் 1852-இல் அவர் மறைந்தார்; 1854-இல்தான் பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-இல் உருவானது.

இன்று திரைவாசிப்பு மென்பொருள் இணையப் பக்கத்தின் எழுத்துகளைக் குரலாகவும் பிரெயில் புள்ளிகளாகவும் மாற்றுகிறது. ஆனால், விளக்கம் இணைக்கப்படாத படத்தை அடைந்ததும், படம் என்று மட்டும் கூறியோ, பொருளற்ற கோப்புப் பெயரை வாசித்தோ கடந்துவிடுகிறது. தேர்வு அறிவிப்பு படமாக மட்டும் வெளியிடப்பட்டால், விண்ணப்பிக்கும் கடைசி நாளைப் பார்வையற்ற மாணவர் எங்ஙனம் அறிவார்? வெள்ளச் செய்தியின் படத்துக்கு வெள்ளக் காட்சி என்று எழுதினால் போதாது. எந்தப் பாலம், நீர் எவ்வளவு உயர்ந்துள்ளது என்பதை ஓரிரு வாக்கியங்களில் சொல்ல வேண்டும். படத்தின் நிறங்களையெல்லாம் அடுக்குவதும் தேவையில்லை. பார்ப்பவர் அப்படத்திலிருந்து அறிவதை, பாராதவரும் அறிய வேண்டும், அவ்வளவே.

ஆறு புள்ளிகளைக் கண்டறிய பிரெயிலுக்கு ஆண்டுகள் பிடித்தன. படத்துக்கு விளக்கம் எழுத நமக்கு ஒரு நிமிடம் போதும். அதையும் தர மறுப்பது, அவர் திறந்த கதவை மீண்டும் சாத்துவதாகும்.