பூச்சிகளின் தோழர்

இறந்த பூச்சிகளைக் குண்டூசியிற் குத்திப் பெட்டிகளில் அடுக்கி வைப்பதே பூச்சி ஆராய்ச்சி என்று பலர் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் உயிருள்ள பூச்சிகளை அவை வாழும் இடத்திலேயே கண்டு ஆராய்ந்தவர் ழான் ஆன்றி ஃபேபர் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

ஃபேபர் 1823ஆம் ஆண்டில் தென்பிரான்சில் உள்ள ஒரு சிற்றூரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். உதவித்தொகை பெற்றுப் படித்து, இளமையிலேயே பள்ளி ஆசிரியரானார். ஊதியமோ சிறிது, குடும்பமோ பெரிது. எனினும், ஓய்வு நாட்களில் பூச்சிகளைத் தேடி வெளிகளில் அலைந்தார்.

ஒருவகைக் குளவி வண்டைக் கொட்டித் தன் வளைக்குள் கொண்டுசென்று, முட்டையிலிருந்து வெளிவரும் புழுவுக்கு இரையாக வைக்கும். அவ்வண்டு பல நாள் அழுகுவதில்லை. குளவியின் நஞ்சு பிணத்தைக் கெடாமற் காக்கிறது என அறிஞர் கருதினர். ஃபேபர் கூர்ந்து நோக்கினார். வண்டு இறக்கவேயில்லை! நரம்பு மையத்திற் பட்ட கொட்டினால் அது அசைவற்றுக் கிடந்தது. இவ்வுண்மையை அவர் 1855இல் வெளியிட்டார்.

அவிஞ்ஞோன் நகரில் அவர் நடத்திய அறிவியல் வகுப்புகளுக்குப் பெண்களும் வந்தனர். அது பிடிக்காதவர்கள் அவரைத் தூற்றினர். 1870ஆம் ஆண்டையொட்டி அவர் வேலையையும் குடியிருந்த வீட்டையும் இழந்தார். ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்து உதவினார். ஃபேபர் மனந்தளராமல் நூல்கள் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். பூச்சி தேடுவதில் தமக்குத் துணையாயிருந்த மகன் ஜூல் 1877இல் இறந்தபோதும், அத்துயரைத் தாங்கிப் பணியைத் தொடர்ந்தார்.

1879இல் செரிஞான் என்னும் ஊரில் கல்லும் முள்ளும் நிறைந்த நிலம் ஒன்றை வாங்கிக் குடியேறினார். உழவர்க்குப் பயன்படாத அந்நிலம் பூச்சிகளுக்குச் சொர்க்கம். பைன் மரத்துக் கம்பளிப்புழுக்கள், முன்செல்வது விட்ட பட்டிழையைப் பற்றி வரிசையாகச் செல்லும். அவை ஒருமுறை பெரிய பூந்தொட்டியின் விளிம்பில் ஏறின. விளிம்பு நிறைந்ததும், பின்வந்தவற்றையும் தொட்டியின் பக்கத்திலிருந்த இழையையும் ஃபேபர் அகற்றினார். முதற்புழு கடைசிப் புழுவைத் தொடர்ந்தது, வட்டம் மூடிக்கொண்டது. அருகிலேயே உணவு இருந்தும், பசியிலும் குளிரிலும் அவை ஏழு நாட்கள் சுற்றிச் சுற்றி நடந்தன!

குளவியை மருத்துவர்போலச் செயற்படச் செய்யும் இயல்பூக்கமே, புழுக்களை வழியறியாது திகைக்கவும் செய்கிறது. பழகிய நெறியில் அது வியத்தகு திறமை காட்டும். சூழ்நிலை மாறினால் தடுமாறும். ஃபேபர் கண்ட பேருண்மை இதுவே.

அவர் தம் ஆராய்ச்சிகளை 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக, கதைபோல இனிய நடையில் வெளியிட்டார். டார்வினின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆயினும், அவருடைய நோக்கும் திறனை டார்வினே போற்றினார். ஃபேபர் 1915இல், தொண்ணூற்றொன்றாம் வயதில் காலமானார். அவருடைய இல்லம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

செல்வமும் பெரிய ஆய்வுக்கூடமும் அவரிடம் இல்லை. பொறுமையும் கூரிய கண்களுமே அவருடைய கருவிகள். காலடியில் ஊரும் சிற்றுயிரையும் எளிதென இகழாது நோக்குவார்க்கு, இயற்கை தன் மறைபொருளை வெளிப்படுத்தும்.