பெரியம்மைக்குப் பயந்து ஊரே ஓடியபோது கண்டியில் தங்கிய பாதிரியார்... யார் இந்த ஜோசப் வாஸ்?

சாம்பல் புதனோடு தொடங்கும் தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் முக்கியமாகக் கடைப்பிடிப்பவை மூன்று: ஜெபம், நோன்பு, இல்லாதவர்களுக்கு உதவி. ஜெபத்தையும் உதவியையும் பிரித்துப் பார்க்காமல் வாழ்ந்தவர் என்று தவக்காலத்தில் நினைவுகூரத்தக்கவர், 'இலங்கையின் அப்போஸ்தலர்' எனப்படும் புனித ஜோசப் வாஸ்.

கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம்

வாஸ் பிறந்தது 1651 ஏப்ரல் 21-ல், கோவாவின் பெனாலிமில். 1676-ல் குருவானார். அப்போது இலங்கையின் கரையோரப் பகுதிகள் டச்சுக்காரர்கள் கையில் இருந்தன. போர்த்துகீசியரை விரட்டிய அவர்கள், கத்தோலிக்க மதத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். பாதிரியாருக்கு அடைக்கலம் கொடுத்தால் கடும் தண்டனை.

அங்கே மக்கள் குருவே இல்லாமல் தவிப்பது தெரிந்ததும், தூத்துக்குடி வழியாக 1687-ல் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார் வாஸ். கூலியாள் வேஷம், கையில் காசு கிடையாது. போன வேகத்திலேயே வயிற்றுக்கடுப்பு ஆளைச் சாய்த்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த கஞ்சிதான் உயிரைக் காப்பாற்றியது.

உடம்பு தேறியதும், கழுத்தில் ஜெபமாலை தெரியும்படி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். மாலையைப் பார்த்து முகம் மாறுகிறவர் யார் என்று கவனித்தே, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களைக் கண்டுபிடித்தார். தமிழும் சிங்களமும் கற்றுக்கொண்டார்.

சிறையும் மழையும்

1692-ல் கண்டிக்குப் போனவரை, போர்த்துகீசிய உளவாளி என்று சொல்லிச் சிறையில் அடைத்தார்கள். பின்னர் அங்கே கடும் வறட்சி வந்தபோது, மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் வாஸிடமும் ஜெபிக்கச் சொன்னார். அவர் முழங்காலிட்டு மன்றாடியதும் மழை கொட்டியது என்கிறார்கள் அவர் வரலாற்றை எழுதியவர்கள். அதன்பின் பௌத்த மன்னரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது.

பெரியம்மை வந்தபோது...

1697-ல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. அப்போது தடுப்பூசியே கிடையாது. மன்னரும் பிரபுக்களும் நகரத்தைவிட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

வாஸும் அவருடைய உறவினரான ஜோசப் கார்வால்யோ பாதிரியாரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். காட்டில் கிடந்தவர்களைத் தேடிப்பிடித்து, தங்க இடம் கொடுத்து, புண் கழுவி, சோறு ஊட்டினார்கள். இறந்தவர்களை அடக்கமும் செய்தார்கள். நோயாளி எந்த மதம் என்று பார்க்கவில்லை.

புனிதர் பட்டம்

1711 ஜனவரி 16-ல் கண்டியில் வாஸ் இறந்தார். 2015 ஜனவரி 14-ல் கொழும்பு காலிமுகத்திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைக்கு அவர்தான் முதல் புனிதர்.

அவரோடு பணியாற்ற 1705-ல் இலங்கை வந்தவர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார். இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 'வியாகுல பிரசங்கம்' அவர் தமிழில் எழுதியது. தவக்காலம் வந்தால் அதை ராகம் போட்டு உருக்கமாகப் படிக்கிற வழக்கம் தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் இன்றும் இருக்கிறது.