எண்ணெய்க் குவளை ஏந்திய பொறியாளர் எலைஜா மக்காய்

சூரமங்கலத்தில் வாழும் நமக்கு இரயிலின் ஓசை புதிதன்று. சேலம் சந்திப்பு நிலையமே நம் பகுதியில்தான் அமைந்துள்ளது. நீராவி எஞ்சின்கள் ஓடிய நாளில், நீண்ட மூக்குடைய குவளையால் அவற்றின் உறுப்புகளுக்கு எண்ணெய் வார்த்த தொழிலாளரை முதியோர் நினைவில் வைத்திருப்பர். அமெரிக்காவில் அத்தொழிலைச் செய்த கறுப்பினத்தவர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைகிறோம்.

எலைஜா மக்காயின் பெற்றோர் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாய் இருந்து, தப்பிக் கனடா சேர்ந்தவர்கள். அங்குக் கால்செஸ்டர் என்னும் ஊரில் 1844ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இயந்திரங்களில் மகனுக்கிருந்த ஈடுபாட்டைக் கண்டு, பதினைந்தாம் வயதில் அவரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகருக்கு அனுப்பினர். அடிமைத் தளையினின்று ஓடிவந்த குடும்பம் பிள்ளையைக் கடல் கடந்து படிக்க அனுப்பியதை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. பொறியாளராகத் திரும்பியவருக்கு மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வே அளித்த பணியோ, அடுப்பில் எரிபொருள் தள்ளுவதும் எண்ணெய் வார்ப்பதுமே. நிறமே காரணம். சான்றிதழோடு சென்று மண்வெட்டி பெற்றுவந்த பிள்ளைகளை அறிந்த நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அந்நாளில் எண்ணெய் வார்ப்பதற்கென்றே இரயிலை அடிக்கடி நிறுத்துவர். மக்காய், நீராவியின் அழுத்தத்தால் எண்ணெய் தானே உருளைக்குள் சொட்டும் கருவியை அமைத்து, 23-7-1872இல் காப்புரிமை பெற்றார். வண்டி நில்லாது ஓடிற்று. ஆயின், முதலின்மையால் உரிமைகள் பலவற்றைப் பிறர்க்கு விற்க நேர்ந்தது.

எண்ணெய் வெப்பத்தில் நீர்க்கும், குளிரில் தடிக்கும். இத்தடிப்பையே பாகியல் தன்மை என்கிறோம். மிக நீர்த்தால் இரும்போடு இரும்பு உராயும். மிகத் தடித்தால் இடுக்குகளை எட்டாது. கடும் வெப்ப நீராவியில் இயங்கும் பெரிய எஞ்சின்கள் வந்தபோது பழைய எண்ணெய் முறை ஈடுகொடுக்கவில்லை. எழுபதை எட்டிய மக்காய், கிராஃபைட் பொடி கலந்த எண்ணெய் அடைபடாமல் செல்லும் கருவியை ஆக்கினார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1911இல், அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் எண்ணெயின் தடிப்புக்கு எண்கள் வகுத்தது. இன்று நம் பட்டறைகளில் காணும் 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 என்பன அவ்வழி வந்தவையே. முன் எண் குளிரில் ஓடும் திறனையும், பின் எண் எஞ்சின் சூடேறியபின் நிற்கும் தடிப்பையும் குறிக்கும். உறைபனி அறியாத சேலம், நாமக்கல் சமவெளியில் பின் எண்ணே பெரிதும் நோக்கத்தக்கது. வெயில் மிகுதி என்று கருதி, வண்டியின் கையேடு கூறுவதினும் தடித்த எண்ணெயை ஊற்றுவதும் தவறே, எரிபொருள் வீணாகும். பட்டறையில் தொழில் பயிலும் நம் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்க.

மக்காய் பெற்ற காப்புரிமைகள் ஏறத்தாழ 57. தம் பெயரால் ஒரு தொழிற்சாலை காண அவர் 1920 வரை காத்திருந்தார். 1922இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் தாமும் காயமுற்று, அதன் விளைவாய் மனைவியையும் இழந்து, 1929 அக்டோபரில் மறைந்தார். 2012இல் டெட்ராயிட் நகரில் திறக்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.