செல்லுக்குள் எட்டிப் பார்த்த ஜானகி அம்மாள்

குட்டீஸ்! கோவளம் கடற்கரைக்குப் போகும்போது வழியில் கரும்புச்சாறு வாங்கிக் குடிப்பீர்கள்தானே? அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா? கரும்பு இலையின் செல்களில் உள்ள பசுங்கணிகம் சூரிய ஒளியில் சர்க்கரையைத் தயாரிக்கிறது. தண்டின் செல்களில் உள்ள நுண்குமிழ் அதைச் சேமித்து வைக்கிறது. பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை பெரும்பாலும் செல்சுவர்தான்.

நம் உடலின் செல்களில் செல்சுவரும் இல்லை, பசுங்கணிகமும் இல்லை. ஆனால், உட்கரு உண்டு. அதுதான் செல்லின் தலைமை அலுவலகம். அதற்குள் நூல் போல இருப்பவை குரோமோசோம்கள். எவ்வளவு உயரம் வளர வேண்டும், எந்த நிறத்தில் பூக்க வேண்டும் என்ற குறிப்புகள் அவற்றில்தான் இருக்கின்றன. தாவரங்களின் குரோமோசோம்களை ஆராய்வதற்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் ஜானகி அம்மாள்.

அவர் 1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். பெண்கள் கல்லூரிக்குப் போவதே அபூர்வமான காலம் அது. அவரோ சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். திருமணத்தை விடப் படிப்பே பெரிது என்று அமெரிக்கா சென்று, 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கரும்பின் உறவான நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுச்செடி உருவாக்கினார். குரோமோசோம்களை எண்ணுவது சுலபமல்ல. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில்தான் அவை தெளிவாகத் தெரியும். வளரும் வேரின் நுனியில் சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பொறுமையாக எண்ண வேண்டும். மனித செல்லில் 46 என்றால், தடித்த இனிப்புக் கரும்பில் 80!

பிறகு லண்டன் சென்றார். இரண்டாம் உலகப்போரில் குண்டுகள் விழுந்த நாட்களிலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1945-ல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். கோல்ச்சிசின் என்ற பொருளால் மக்னோலியா செடியின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். ஒரு மக்னோலியா வகைக்கு இன்றும் அவர் பெயர்தான்! நம் மாநில மலரான செங்காந்தளிலும் கோல்ச்சிசின் உண்டு. அது கொடிய விஷம், வாயில் வைத்துவிடாதீர்கள்.

பிரதமர் நேரு அழைக்க, 1951-ல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார். 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். எண்பது வயதைத் தாண்டிய பிறகும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணை விழுங்கிவிடக் கூடாது என்று குரல் கொடுத்தார். காடு போனால் அதன் செடிகளுக்குள் இருக்கும் குறிப்புகளும் அழிந்துபோகும் அல்லவா?

சென்னை மதுரவாயலில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தபடியே, 1984 பிப்ரவரி 7 அன்று மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.

பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, செல்லுக்குள் ஒரு சிறு புள்ளி தெரியும். அதுதான் உட்கரு. அந்தப் புள்ளிக்குள் ஒருவர் அறுபது ஆண்டுகள் தேடினார் என்பதை நினைத்துப் பாருங்கள், குட்டீஸ்!