கட்டைத் தளர்த்திய கை: அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி

தாடிக்கொம்பு, திண்டுக்கல் வட்டாரத்தில் மூட்டுவலியால் அவதிப்படும் பெரியவர்கள் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா? அல்லது நாட்டுக் கட்டே போதுமா? மார்க்கச் சட்டத்தை நாம் சொல்லலாம். சிகிச்சையைச் சொல்ல வேண்டியவர் எலும்பு மருத்துவர். ஆனால், எப்படிப்பட்ட மருத்துவரை நம்ப வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. அவர்தான் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி.

ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய மதீனத்துஸ் ஸஹ்ராவில், சுமார் கி.பி. 936-ல் அவர் பிறந்தார். ஊர்ப் பெயரே அவர் பெயராயிற்று. அவருடைய குடும்பம் மதீனாவின் அன்ஸாரி வழிவந்தது என்பர். ஏறத்தாழ 50 ஆண்டுகள் மருத்துவம் பார்த்தார். அந்த அனுபவத்தைத் திரட்டி 'அத்தஸ்ரீஃப்' என்ற பெருநூலை எழுதினார். அதில் 30 பகுதிகள். கடைசிப் பகுதி முழுக்க அறுவை மருத்துவம். சுமார் 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் தனிப் பிரிவே ஒதுக்கினார். முழங்கால் சில்லு உடைவதும் முழங்கால் மூட்டு விலகுவதும் அதில் இடம்பெற்றன.

நூலின் முகப்பிலேயே அவர் ஒரு வேதனையைப் பதிவு செய்கிறார். தம் நாட்டில் அறுவை மருத்துவம் அழிந்துவருகிறது, காரணம், உடற்கூறு படிக்காதவர்கள் கத்தி எடுப்பதுதான் என்கிறார். அதற்குத் தாம் கண்ட நிகழ்ச்சிகளையும் சொல்கிறார். குதிகாலுக்கு அருகே எலும்பு முறிந்து, புண்ணும் ஏற்பட்ட ஒருவருக்கு ஒரு மருத்துவர் அவசரமாக வரிச்சு வைத்து இறுக்கிக் கட்டிவிட்டார். புண்ணுக்குக் காற்றோட்டமே விடவில்லை. நாள்கள் கழிந்தன, கால் வீங்கியது. ஸஹ்ராவி அழைக்கப்பட்டார். ஓடிச்சென்று கட்டைத் தளர்த்தினார், வலி தணிந்தது. ஆனால் அழுகல் ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தது. நோயாளி பிழைக்கவில்லை.

ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் இந்தப் பாடம் பழையதாகவில்லை. இறுகிய கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலையே பறித்துவிடும். கட்டுப் போட்டபின் விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, குளிர்ந்து மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அவரிடம் இன்னொரு குணம், தயக்கம். சிகிச்சைகளை ஆபத்து குறைந்தவை, ஆபத்து மிகுந்தவை என இரண்டாகப் பிரித்து, இரண்டாவதில் பேராசைக்காக இறங்க வேண்டாம் என மாணவர்களை எச்சரித்தார். அழுகிய தம் பாதத்தைத் தாமே வெட்டிக்கொண்ட ஒருவர், பிறகு கையிலும் அதே நோயுடன் வந்து வெட்டச் சொன்னார். உயிர் போய்விடும் என்று அஞ்சி ஸஹ்ராவி மறுத்தார். அந்த மனிதர் ஊருக்குப் போய்த் தாமே வெட்டிக்கொண்டு பிழைத்ததையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். தம் கணிப்பு பொய்த்ததையும் எழுதுகிற இந்த நேர்மைதான் அமானிதம்.

சுமார் 1013-ல் அவர் காலமானார். 12-ஆம் நூற்றாண்டில் கிரெமோனா ஜெரார்டு அவருடைய அறுவை மருத்துவப் பகுதியை லத்தீனில் பெயர்த்தார். பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் படித்தார்கள்.

மூட்டு மாற்று அவர் காலத்தில் இல்லை. ஆனால் அவர் வைத்த அளவுகோல் இன்றும் பொருந்தும். அறுவை அவசியமா, மருந்தும் உடற்பயிற்சியும் எடைக்குறைப்பும் பலன் தருமா, ஆபத்து என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அறுவைக்குச் செல்லுங்கள். அறுவைக்குப் பின் காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, கெண்டைக்கால் வீக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். திடீர் மூச்சுத்திணறல் என்றால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சொல்லித்தந்த பயிற்சிகளை விடாதீர்கள். மண்டியிடலாமா என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். இயலாதவருக்கு உட்கார்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.