நூல் தேடி நடந்த பாஹியான்

கி.பி. 399-ம் ஆண்டு. சீன தேசத்தில் சாங்-ஆன் என்ற பெரிய நகரம். இன்று அதற்கு சியான் என்று பெயர். அந்த நகரத்திலிருந்து ஐந்து புத்த பிட்சுகள் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவருக்கு வயது ஏறக்குறைய அறுபது. மற்றவர்கள் பேரன் பேத்திகளைக் கொஞ்சிக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயது அது. அவர் போக நினைத்த இடமோ இந்தியா. வழியில் பாலைவனம், அதற்கு அப்பால் பனி மலைகள். அத்தனையையும் கால்நடையாகக் கடக்க வேண்டும்.

அந்த முதியவர்தான் பாஹியான்.

குப்தர் காலத்தில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் என்று பள்ளிப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் படிக்கிறார்கள். அவர் எதற்காக வந்தார்? யாருடன் வந்தார்? உடன் வந்தவர்கள் என்ன ஆனார்கள்? அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

மூன்று வயதில் துறவு

பாஹியான் பிறந்தது வட சீனாவில், இன்றைய ஷான்சி மாகாணத்தில். அவருக்கு முன் பிறந்த மூன்று அண்ணன்மார்களும் பால் பற்கள் விழும் முன்பே இறந்து போனார்கள். இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டுமே என்று தந்தை பயந்தார். மூன்று வயதிலேயே அவரைப் புத்த மடத்துக்கு என்று நேர்ந்து விட்டார். ஆனாலும் பிள்ளையைப் பிரிய மனம் இல்லாமல் வீட்டிலேயே வைத்துக் கொண்டார்.

பிள்ளைக்குக் கடுமையான நோய் வந்தது. தந்தை பதறிப் போய் மடத்தில் கொண்டு விட்டார். இரண்டே நாளில் நோய் குணமாகி விட்டது. அதன் பிறகு சிறுவன் வீட்டுக்குத் திரும்ப மறுத்து விட்டான்.

பத்து வயதில் தந்தை இறந்தார். தாய் தனியாக இருக்கிறாளே, துறவை விட்டு வந்து விடு என்று சித்தப்பா அழைத்தார். தந்தை சொன்னதற்காக மட்டும் தான் துறவி ஆகவில்லை, உலகப் பற்றை விட வேண்டும் என்றே வந்ததாகச் சிறுவன் பதில் சொன்னான். சித்தப்பாவும் அதை ஒப்புக் கொண்டார். பின்னர் தாய் இறந்தபோது வந்து, செய்ய வேண்டிய கடமைகளைச் செய்து விட்டு மீண்டும் மடத்துக்கே போய் விட்டான்.

ஒரு நாள் இளம் துறவிகள் வயலில் நெல் அறுத்துக் கொண்டிருந்தார்கள். பசித்த திருடர்கள் சிலர் தானியத்தைப் பறிக்க வந்தார்கள். மற்றவர்கள் ஓடி விட்டார்கள். பாஹியான் மட்டும் நின்றார். வேண்டிய மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள் என்றார். முன்பு யாருக்கும் கொடுக்காததால்தான் இன்று பசியில் வாடுகிறீர்கள். இன்றும் பறித்தால் அடுத்த பிறவியில் இதைவிடத் துன்பம் வருமே என்றுதான் கவலைப்படுகிறேன் என்று சொல்லி விட்டுத் திரும்பி நடந்தார். திருடர்கள் நெல்லைப் போட்டு விட்டுப் போய் விட்டார்கள்.

இல்லாத நூல்

புத்த மதம் சீனாவில் நுழைந்து சில நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. மடங்கள் பெருகியிருந்தன. ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது.

பிட்சு எப்படி வாழ வேண்டும்? எதை உண்ணலாம்? எதை உடுக்கலாம்? தவறு செய்தால் அதற்கு என்ன பரிகாரம்? இதை எல்லாம் சொல்லும் ஒழுக்க நூலுக்கு விநயம் என்று பெயர். அந்த நூல் சீனாவில் முழுமையாக இல்லை. கிடைத்தவை எல்லாம் அரைகுறையான பிரதிகள். சட்டமே முழுதாகத் தெரியாமல் எப்படி ஒழுங்காக நடப்பது? பாஹியானின் மனத்தை இந்தக் கவலை அரித்தது.

புத்தர் பிறந்த நாட்டுக்கே போய் அந்த நூலைக் கொண்டு வருவது என்று முடிவு செய்தார். ஹுய்-சிங், தாவோ-செங், ஹுய்-யிங், ஹுய்-வெய் என்ற நால்வர் உடன் வரச் சம்மதித்தார்கள்.

அவர்கள் பிடித்த வழி, வியாபாரிகள் பல நூறு ஆண்டுகளாகப் போய் வந்த வழி. சீனாவின் பட்டு அந்த வழியாகத்தான் மேற்கே போயிற்று. மேற்கேயிருந்து குதிரைகளும் விலை உயர்ந்த பச்சைக்கற்களும் வந்தன. பிற்காலத்தில் அதற்குப் பட்டுப் பாதை என்று பெயர் வைத்தார்கள். பெயரில்தான் பட்டு, பாதை எல்லாம் மணலும் கல்லும் பனியும்தான். தனியாகப் போனவன் பிழைப்பது அரிது. ஆகவே எல்லோரும் கூட்டமாகவே போவார்கள்.

வழியில் சாங்-யே என்ற ஊரில், இதே யாத்திரைக்குப் புறப்பட்ட வேறு ஐந்து பிட்சுகளைச் சந்தித்தார்கள். ஐவர் பத்துப் பேர் ஆனார்கள்.

எலும்புகளே அடையாளம்

சீன எல்லையில் இருந்த துன்-ஹுவாங் என்ற ஊரின் அதிகாரி, பாலைவனத்தைக் கடக்க வேண்டிய பொருள்களைக் கொடுத்து உதவினார். பாஹியானும் அவருடைய நான்கு தோழர்களும் முதலில் புறப்பட்டார்கள். மற்றவர்கள் பின்னால் வந்து சேர்வதாக ஏற்பாடு.

பதினேழு நாள் நடந்தார்கள். வானத்தில் ஒரு பறவை இல்லை. தரையில் ஒரு மிருகம் இல்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் மணல். வழி எது என்று காட்ட ஒரே ஓர் அடையாளம்தான் இருந்தது. அது, முன்பு அந்த வழியில் வந்து மடிந்தவர்களின் எலும்புகள்!

பாலைவனத்தைத் தாண்டி ஒரு நாட்டை அடைந்தார்கள். பிறகு காராஷார் என்ற நாட்டுக்குப் போனார்கள். பின்தங்கிய தோழர்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆனால் அந்த ஊர் மக்கள் அந்நியர்களை ஆதரிக்கவில்லை. கையில் இருந்தது தீர்ந்து கொண்டே வந்தது. மூவர், வழிக்கு வேண்டியதைத் தேடி வருவதாகச் சொல்லி வேறு ஊருக்குத் திரும்பினார்கள். சாங்-ஆனிலிருந்து உடன் வந்த ஹுய்-வெய் அந்த மூவரில் ஒருவர். முதல் பிரிவு அங்கே நேர்ந்தது.

மீதிப் பேர் மீண்டும் பாலைவனத்தில் இறங்கினார்கள். இந்த முறை ஒரு மாதமும் ஐந்து நாளும். மனிதன் படக்கூடிய துன்பங்களில் அதற்கு ஈடே இல்லை என்று பாஹியான் பிற்காலத்தில் எழுதினார்.

அதற்கு அப்பால் கோத்தான் என்ற செழிப்பான நாடு. அங்கே கோமதி என்ற ஒரே மடத்தில் மூவாயிரம் பிட்சுகள். மணி அடித்ததும் மூவாயிரம் பேரும் ஓசை இல்லாமல் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேர்த் திருவிழாவில் அரசனே கிரீடத்தைக் கழற்றி வைத்து விட்டு, வெறுங்காலுடன் நடந்து வந்து பூச் சொரிந்தான். அதைப் பார்ப்பதற்காகவே பாஹியான் மூன்று மாதம் தங்கினார். அங்கே இன்னொருவர் பிரிந்து காஷ்மீரப் பக்கம் போனார்.

பனி மலையில் ஒரு மரணம்

பிறகு பாமீர் மலைகள். கோடையிலும் உருகாத பனி. அதைத் தாண்டினால் சிந்து நதியின் மலைப் பள்ளத்தாக்கு. செங்குத்தான பாறையில் யாரோ எப்போதோ வெட்டி வைத்த எழுநூறு படிகள். கீழே குனிந்து பார்த்தால் தலை சுற்றும். படிகளின் முடிவில் ஒரு கயிற்றுப் பாலம். அதைப் பிடித்து நதியைக் கடந்தார்கள்.

பெஷாவரை அடைந்தபோது கூட்டம் மேலும் உடைந்தது. ஹுய்-யிங் நோயில் விழுந்து அங்கேயே இறந்தார். பாவோ-யுன் என்பவரும் வேறு இருவரும் சீனாவுக்குத் திரும்பி விட்டார்கள். மிஞ்சியவர்கள் மூவர்தான். பாஹியான், ஹுய்-சிங், தாவோ-செங்.

குளிர்காலம் முடியாத நேரத்தில் அந்த மூவரும் ஆப்கானிஸ்தானத்தின் பனி மலை ஒன்றில் ஏறினார்கள். மலையின் நிழல் பக்கத்தில் திடீர் என்று குளிர் காற்று வீசியது. பேச நா எழவில்லை, உடம்பு விறைத்தது. ஹுய்-சிங்கால் ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை. வாயில் வெண்ணுரை தள்ளியது.

இனி நான் பிழைக்க மாட்டேன், எனக்காக நின்றால் நீங்களும் சாவீர்கள், உடனே போங்கள் என்று அவர் சொன்னார். சொல்லி விட்டு உயிரை விட்டார்.

பாஹியான் அந்த உடலைத் தடவித் தடவி அழுதார். வந்த காரியம் முடியவில்லையே, வழியிலேயே போய் விட்டாயே என்று கதறினார். ஆனால் அங்கே நிற்க முடியாது. நின்றால் ஹுய்-சிங் சொன்னது பலித்து விடும். கண்ணைத் துடைத்துக் கொண்டு, தாவோ-செங்குடன் மலையைத் தாண்டினார்.

ஏட்டில் இல்லாத நூல்

இந்தியாவின் சமவெளியில் நடப்பது எளிதாக இருந்தது. மதுரா, கன்னோசி எல்லாம் கடந்து, சிராவஸ்தியில் புத்தர் பல ஆண்டுகள் தங்கிய ஜேதவனத்தை அடைந்தார்கள். அந்த இடத்தைக் கண்டதும் இருவருக்கும் மகிழ்ச்சியை விட துக்கமே பொங்கியது. உடன் புறப்பட்டவர்களில் சிலர் திரும்பி விட்டார்கள். சிலர் உலகத்திலேயே இல்லை. அங்கிருந்த பிட்சுகளோ, சீனாவிலிருந்து ஒரு துறவி இங்கே வந்ததை நாங்கள் கண்டதே இல்லை என்று வியந்தார்கள்.

ஆனால் தேடி வந்த நூல் எங்கே? இங்கேதான் புதிய சோதனை. வட இந்திய மடங்களில் விநயத்தை குரு வாயால் சொல்வார். சீடன் காதால் கேட்டு மனப்பாடம் செய்வான். பிரதி எடுக்க ஏடு கிடைக்கவில்லை!

கடைசியில் பாடலிபுத்திரத்தில், இன்றைய பாட்னாவில், ஒரு மடத்தில் எழுதிய விநயம் கிடைத்தது. அதைப் படிக்க சமஸ்கிருதம் தெரிய வேண்டும். அறுபதைக் கடந்த பாஹியான் மாணவனாக உட்கார்ந்தார். மூன்று ஆண்டுகள் அந்த மொழியைக் கற்றார். நூலைத் தன் கையாலேயே பிரதி எடுத்தார். ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் காசு வாங்காமல் மருந்தும் உணவும் கொடுத்த அந்நகரத்து வைத்தியசாலைகளையும் கண்டு எழுதி வைத்தார்.

அங்கேதான் கடைசித் தோழரும் பிரிந்தார். இந்திய மடங்களின் ஒழுக்கத்தைப் பார்த்த தாவோ-செங்குக்குச் சீனாவுக்குத் திரும்ப மனம் வரவில்லை. இங்கேயே இருந்து விடுகிறேன் என்றார். பாஹியான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நூலைத் தன் மக்களிடம் சேர்ப்பதற்காகவே வந்தவர் அவர். தனியாகப் புறப்பட்டார்.

இலங்கையில் ஒரு விசிறி

வங்காளக் கரையில் தாம்ரலிப்தி என்ற துறைமுகம். அங்கே இரண்டு ஆண்டுகள் தங்கி மேலும் நூல்களைப் பிரதி எடுத்தார். பிறகு வியாபாரக் கப்பல் ஏறி, பதினான்கு நாளில் இலங்கை போய்ச் சேர்ந்தார்.

அனுராதபுரத்தில் அபயகிரி விகாரை. அங்கே பச்சைக்கல்லில் செய்த பெரிய புத்தர் சிலை. அதன் பக்கத்தில் ஒரு நாள், ஒரு வியாபாரி வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். அது சீனத்து விசிறி!

பாஹியான் அதையே பார்த்துக் கொண்டு நின்றார். ஊரை விட்டுப் பல ஆண்டுகள் ஆகி விட்டன. கண்ணில் படுவது எல்லாம் அந்நிய முகம், அந்நிய மலை, அந்நிய மரம். கூட வந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லை. பாலைவனத்தையும் பனி மலையையும் கடந்த அந்த முதியவர், ஒரு விசிறியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்.

ஆனாலும் உடனே ஓடி விடவில்லை. இலங்கையில் இரண்டு ஆண்டுகள் தங்கி, சீனாவில் இல்லாத இன்னொரு விநய நூலையும் வேறு நூல்களையும் தேடிப் பெற்றார். அதன் பிறகே கப்பல் ஏறினார்.

நடுக்கடலில் புயல் அடித்தது. கப்பலில் தண்ணீர் ஏறியது. வியாபாரிகள் சரக்குகளைக் கடலில் எறிந்தார்கள். பாஹியான் தன்னுடைய குடத்தையும் பாத்திரத்தையும் எறிந்தார். நூல்களையும் எறியச் சொல்லி விடுவார்களோ என்றுதான் நடுங்கினார். நூல்கள் தப்பின. ஜாவாப் பகுதியில் ஐந்து மாதம் தங்கி வேறு கப்பல் ஏறினார். மீண்டும் புயல். இந்தத் துறவியால்தான் ஆபத்து, இவரை ஏதாவது தீவில் இறக்கி விடலாம் என்று சிலர் பேசினார்கள். பாஹியானை ஆதரித்த பிரயாணி ஒருவர், அப்படிச் செய்தால் சீன அரசரிடம் புகார் செய்வேன் என்று மிரட்டித் தடுத்தார்.

412-ம் ஆண்டில் கப்பல் முன்பின் தெரியாத ஒரு கரையில் ஒதுங்கியது. எந்த நாடு என்று யாருக்கும் தெரியவில்லை. கரையில் முளைத்திருந்த கீரையைப் பார்த்ததும் பாஹியானுக்குப் புரிந்து விட்டது. அது சீனத்துக் கீரை. ஊர் வந்து விட்டது!

தோழர்களின் பெயர்கள்

எழுபது வயதைத் தாண்டிய பாஹியான் ஓய்வு எடுக்கவில்லை. இன்று நான்கிங் எனப்படும் நகரத்துக்குப் போனார். புத்தபத்திரர் என்ற இந்தியத் துறவியுடன் சேர்ந்து, பாடலிபுத்திரத்தில் பெற்ற விநயத்தைச் சீன மொழியில் ஆக்கினார். அங்கே நடந்த மொழிபெயர்ப்பு வேலைகளில் இன்னொரு பிட்சுவும் இருந்தார். அவர் யார் தெரியுமா? பெஷாவரிலிருந்து திரும்பிப் போன அதே பாவோ-யுன்தான்! பாதியில் பிரிந்தவரும் நூலைக் கொண்டு வந்தவரும் ஒரே இடத்தில் கூடினார்கள்.

எண்பது வயதைத் தாண்டி பாஹியான் காலமானார். இலங்கையில் பெற்ற விநயத்தை, அவர் மறைந்த பிறகு மற்றவர்கள் மொழிபெயர்த்தார்கள்.

தம் பிரயாணத்தைப் பற்றி அவர் 414-ம் ஆண்டில் ஒரு சிறிய நூல் எழுதினார். அப்போதைய இந்தியாவை அறிய இன்றும் சரித்திர ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். அவர் வந்த காலத்தில் வட இந்தியாவை ஆண்டவர் புகழ் பெற்ற இரண்டாம் சந்திரகுப்தர். அந்தச் சக்கரவர்த்தியின் பெயரை பாஹியான் ஓர் இடத்தில் கூட எழுதவில்லை.

ஆனால் உடன் நடந்த தோழர்களின் பெயர்களை மறக்காமல் எழுதினார். யார் எங்கே பிரிந்தார், யார் எங்கே தங்கினார், யார் எந்த மலையில் இறந்தார் என்று குறித்து வைத்தார். பனி மலையில் மடிந்த ஹுய்-சிங்கின் பெயர், 1,600 ஆண்டுகள் கழித்து இன்றும் நமக்குத் தெரிவது அதனால்தான்.