மல்கோவால் கிராமமும் ஹாப்கின் துரையும்

பிள்ளைக்கு ஊசி போடும்போது அது புதியதுதானா என்று கேட்காத தாய்மார் நம் பங்கில் குறைவு. நர்ஸம்மா முகத்தைச் சுளித்தாலும் கேட்கத்தான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வருகிறவர்களும் மருந்து மாறிவிடுமோ, ஆள் மாறிவிடுமோ என்று மனதுக்குள் அஞ்சிக்கொண்டேதான் வீடு திரும்புகிறார்கள். இதைப் பட்டிக்காட்டுப் பயம் என்று தள்ளிவிடலாகாது. ஒரு சிறு கவனக்குறைவினால் ஒரே கிராமத்தில் 19 பேர் மாண்ட சம்பவம் இந்தியாவில் நடந்திருக்கிறது. அந்தத் தவறு யாருடையது என்று கண்டுபிடிப்பதில் பின்னும் ஒரு பெரிய தவறு நடந்தது. இந்த இரண்டும் வால்டமார் ஹாப்கின் என்பவருடைய ஜீவிய சரித்திரத்தைச் சேர்ந்தவை.

ஹாப்கின் 1860-ம் வருஷம் மார்ச் 15-ல், அந்நாளில் ருஷிய ராஜ்யத்திலிருந்த ஒதெஸ்ஸா பட்டணத்தில் ஒரு யூத குடும்பத்தில் பிறந்தார். மெச்னிக்காவ் என்ற பேர்போன சாஸ்திரியிடம் பிராணி சாஸ்திரம் கற்றார். கல்வியில் எவ்வளவு தேறியும் யூதன் என்ற காரணத்தால் சர்வகலாசாலையில் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. ருஷிய சபையில் சேர்ந்தால் கிடைக்கும் என்றிருந்தது. அதற்கு அவர் இசையவில்லை. உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் வாங்காத அந்த மனிதரை நாம் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

1889-ல் பாரிஸுக்குப் போனார். லூயி பஸ்தேருடைய பெயர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட நமது புதுச்சேரிக்குப் புதியதல்லவே. அந்தப் பஸ்தேர் நிலையத்தில் அப்போது காலியாயிருந்தது புத்தகசாலை வேலை ஒன்றுதான். அதையே ஏற்றுக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் வாந்திபேதிக்குத் தடுப்பு மருந்து தேடினார். 1892-ம் வருஷம் ஜூலை 18-ல் அம்மருந்தை முதன்முதலாகத் தம் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது, தேறினார். மறு வருஷமே கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் தலைகாட்டிற்று. சர்க்கார் ஹாப்கினை அங்கே அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறை, ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள்: இவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆராய்ச்சிச் சாலை. கிருமிகளை வளர்க்க ஐரோப்பாவில் மாட்டிறைச்சிச் சாறு உபயோகிப்பார்கள். அது இந்துக்களுக்கு ஆகாது என்று அறிந்து ஆட்டிறைச்சியைக் கொண்டு சாறு தயாரித்து, அதன்மேல் நெய்யைத் துளித்துளியாக மிதக்கவிட்டுக் கிருமிகளை வளர்த்தார். ஊசி ஏற்றிக்கொள்ளுகிறவனுடைய மனமும் ஒப்ப வேண்டும் என்று அந்நாளிலேயே நினைத்த மனிதர் அவர். மூன்றே மாதத்தில் மருந்து தயாராயிற்று. 1897-ம் வருஷம் ஜனவரி 10-ல் இதையும் முதலில் தம் உடம்பில்தான் ஏற்றிக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறைச்சாலையில் சம்மதித்த கைதிகளுக்குப் போடப்பட்டது. (கைதியின் சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்பது வேறு கேள்வி.) பிளேக் அடியோடு வராமல் தடுக்கிற மருந்து அல்ல அது. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் நோய் கண்டவர்களும் இறந்தவர்களும் வெகுவாகக் குறைந்தார்கள். லட்சக்கணக்கில் மருந்துப் புட்டிகள் பம்பாயிலிருந்து போகலாயின.

இனி மல்கோவாலுக்கு வருவோம். அது பஞ்சாபில் ஒரு கிராமம்; இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. 1902-ம் வருஷம் அக்டோபர் 30-ல் அங்கே 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். 53-என் என்று அடையாளமிட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் 19 பேர். சில நாட்கள் சென்று அந்த 19 பேருக்கும் ரணஜன்னி கண்டது. வாய் பூட்டிக்கொள்ளும், உடம்பு வில்லாய் வளையும் வியாதி அது. அந்தக் காலத்தில் கண்டால் பிழைப்பது அரிது. 19 பேரில் ஒருவராவது பிழைக்கவில்லை. அன்று மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் நேரவில்லை. பிளேக் வந்துவிடக் கூடாதே என்று நல்ல உடம்போடு நடந்து வந்து கையை நீட்டியவர்கள் அந்த 19 பேர் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பம்பாய்ப் பிரதம நீதிபதியின் தலைமையில் சர்க்கார் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. மருந்தில் கார்பாலிக் திராவகம் சேர்க்கும் வழக்கத்தை விட்டுச் சூட்டினால் மாத்திரம் கிருமி நீக்கும் முறையை ஹாப்கின் கைக்கொண்டிருந்தார். பஸ்தேர் நிலையத்தில் அது பழக்கமான முறைதான். ஆனாலும் புட்டி திறக்கப்படுமுன்னே, பம்பாயிலேயே, விஷம் உள்ளே புகுந்தது என்று கமிஷன் அபிப்பிராயப்பட்டது. ஹாப்கின் தலைவர் பதவியை இழந்து ஐரோப்பாவுக்குத் திரும்பினார். அவர் வைத்தியப் பட்டம் பெற்றவரல்லர், ஆங்கிலேயருமல்லர், யூதர் வேறு. அவருக்காகப் பரிந்து பேச அதிகாரிகளுக்குள் ஆள் குறைவு. பிரான்சில் கப்பித்தேன் திரேபூஸ் என்ற யூதர் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை அடைந்த வழக்கோடு இதை ஒப்பிட்டுப் பேசினவர்கள் உண்டு.

கமிஷனுடைய அறிக்கை 1906-ம் வருஷக் கடைசியில்தான் வெளியாயிற்று. அச்சேறிய பிறகு சாஸ்திரிகள் சாட்சியங்களை வரி வரியாய் வாசித்தார்கள். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள சம்பந்தத்தை இந்தியாவில் கண்டுபிடித்து நோபெல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் அவர்களில் ஒருவர். சாட்சியத்துக்குள்ளேயே விடை கிடந்தது. மல்கோவாலில் அந்தப் புட்டியைத் திறக்கும்போது உதவியாள் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதை முறைப்படி சுத்தம் செய்யாமலே எடுத்துப் புட்டியைத் திறந்திருக்கிறார்கள். ரணஜன்னிக் கிருமி குடியிருப்பது மண்ணிலும் சாணத்திலும். அதன் வித்துக்கள் மருந்து நீரில் ஒரு முறை முக்கி எடுத்தால் சாகிறவை அல்ல.

அந்த உதவியாள் ஒருவனையே தூக்கில் போட வேண்டியது என்று இங்கே சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையிலிருக்கிற சாமான் விழுவது யாருக்கும் நேருகிறதுதான். நம் வீட்டு அடுப்பங்கரையில் கரண்டி விழாத நாள் உண்டா? விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற விதி இருந்ததா, அதைக் கைக்கொண்டார்களா என்பதே விஷயம். ஆயுதங்களைச் சுத்தம் செய்ய பம்பாய் ஆராய்ச்சிச் சாலை விதித்திருந்த முறையைப் பிளேக் அதிகாரிகளே தள்ளிவைத்திருந்தார்கள் என்பதை ராஸ் எடுத்துக் காட்டினார். அப்படியிருக்க, வரிசையில் ஜனம் காத்து நிற்கையில், கீழ்ப்பட்ட வேலைக்காரன் மாத்திரம் நின்று நிதானித்து நெருப்பு மூட்டிக் காய்ச்சுவான் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

1907-ம் வருஷம் ஜூலையில் ராஸும் வேறு பல சாஸ்திரிகளும் கையெழுத்திட்டு லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு எழுதினார்கள். ஹாப்கின் குற்றமற்றவர் என்று சாஸ்திர உலகம் ஒப்புக்கொண்டது. சர்க்காரும் திரும்ப வேலை கொடுத்தது. ஆனால் பம்பாயில் அவருடைய பழைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கல்கத்தாவில்தான் இடம் கிடைத்தது.

இதற்குள் பஞ்சாபில் ஜனங்களுடைய நம்பிக்கை கெட்டுப்போயிருந்தது. மல்கோவால் சேதி பரவின பிறகு ஊசிக்குக் கை நீட்ட ஆள் வரவில்லை. 1907-ல் மாத்திரம் அந்த மாகாணத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பிளேக்கினால் இறந்தார்கள். ஊசி போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு பங்கினராவது பிழைத்திருப்பார்கள். இடுக்கி விழுந்ததையும் இனி அப்படி நேராதபடி செய்திருக்கும் ஏற்பாட்டையும் 1902-லேயே ஊர் ஊராய்ச் சொல்லியிருந்தால் அந்த ஜனம் கேட்டிருக்காதா? அறிக்கை வெளியாக நாலு வருஷம் ஆயிற்று. மருந்தே விஷம் என்ற பேச்சுக்கு அந்த நாலு வருஷமும் பதில் சொல்வார் இல்லை.

இன்று ஒருவருக்குப் போட்ட ஊசியை அடுத்தவருக்குப் போடுவதில்லை; உறை பிரித்துப் போட்டு எறிந்துவிடுகிறார்கள். அறுவைக்கு வைத்த ஆயுதம் தரையில் விழுந்தால் வேறொன்று எடுப்பதே விதி. ஆகையால் உறையைப் பிரிப்பதைக் காட்டச் சொல்லும் தாய்க்கு நல்ல நர்ஸம்மா கோபிக்க வேண்டியதில்லை. தாயும் அதைச் சண்டைக் குரலில் கேட்க வேண்டியதில்லை.

கல்கத்தாவில் சில வருஷங்கள் வேலை பார்த்தபின் ஹாப்கின் ஓய்வு பெற்று ஐரோப்பாவுக்குப் போனார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலத்தில் தம் முன்னோருடைய வேத ஆசாரங்களை வெகு பக்தியாய் அனுசரித்தார். சேர்த்த பணத்தை யூத வேதபாடசாலைகளுக்கென்று வைத்தார். 1925-ல் பம்பாய் பரேலில் உள்ள அவருடைய பழைய ஆராய்ச்சிச் சாலைக்கு ஹாப்கின் நிலையம் என்று பெயரிட்டார்கள். 1930-ம் வருஷம் அக்டோபர் 26-ல் சுவிட்சர்லாந்தில் லோசான் பட்டணத்தில் காலமானார். இந்திய சர்க்கார் 1964-ல் அவர் உருவத்தோடு ஒரு தபால் தலை வெளியிட்டது.